பாஸ்கல் மாமாவின் ஈசல் கல்

என் அக்கா தெரசாவின் புருஷன் பாஸ்கலை ஆவடியில் எங்கள் சர்ச்சுக்காரர்கள் 'ஈசல் வாத்தியார்' என்று கூப்பிடுவார்கள். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அவர் வாத்தியாரே இல்லை. நகரத்தில் ஒரு கல்லூரியில், விலங்கியல் துறையில் டெமான்ஸ்ட்ரேட்டர். பாடம் நடத்துகிறவர்கள் நடத்திவிட்டுப் போன பிறகு தவளையை அறுத்துக் காட்டுவது, மைக்ராஸ்கோப்பைத் துடைத்து உறை மாட்டுவது, செத்த பூச்சிகளுக்குச் சீட்டு எழுதி ஒட்டுவது, இதுதான் அவர் உத்தியோகம். டாக்டர் பட்டம் வாங்கினால் கரும்பலகைக்கு முன்னால் நிற்கலாம். இல்லையென்றால் ரிட்டயர் ஆகும்வரை தவளைதான். அந்தப் பட்டத்துக்குப் பகுதிநேர மாணவராகப் பதிந்துவிட்டு, எதை ஆராய்வது என்று தெரியாமல் நாலு வருஷம் முழித்துக்கொண்டிருந்தார்.

நான் அருள்தாஸ். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் பிட்டர். பூச்சியைப் பார்த்தால் செருப்பைத் தேடுகிற ஆள். அவருக்கும் எனக்கும் எப்படி ஒத்துப்போனது என்று அக்காவுக்கே புரியாது. எனக்கு வாய் அதிகம், அவருக்குப் பொறுமை அதிகம், அவ்வளவுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

முதல் மழை விட்ட சாயங்காலம் ஊரே ஜன்னலைச் சாத்தி லைட்டை அணைக்கும். மாமா வீட்டில் மட்டும் எல்லா லைட்டும் எரியும். வாசலில் வெள்ளை வேட்டியை விரித்து, டியூப் லைட்டை வெளியே இழுத்துக் கட்டி, குத்துக்கால் போட்டு உட்கார்ந்துவிடுவார். ஈசல் புகை போலக் கிளம்பி வந்து விழும். அக்கா உள்ளேயிருந்து திட்டிக்கொண்டே இருப்பாள், குழம்பில் விழுகிறது, தலையில் விழுகிறது என்று. அவர் காதில் எதுவும் ஏறாது.

"மச்சான், இது ஆயுசுல பறக்கிறது ஒரே ஒரு தபாதான். எறங்கின எடத்துலயே றெக்கைய ஒடிச்சுப் போட்டுட்டு, ஜோடி சேந்து மண்ணுக்குள்ள பூந்துக்கும். அப்பறம் வெளிய வரவே வராது. உள்ளயே பெருகி கரையானாயிடும், நாம செல்லுன்னு சொல்றோமே, அது."

"ஒடிஞ்சு வுழுதா, அதுவே ஒடிக்குதா?"

"அதுவே ஒடிக்குது. தபால்தலைத் தாள்ல கிழிக்கிறதுக்குன்னு வரிசையா ஓட்டை போட்டிருப்பான் பாரு, அந்த மாதிரி றெக்கையோட அடியில ஒரு கோடு கீது. பொறக்கும்போதே இருக்கிற கோடு. அந்தக் கோட்டுலதான் முறியும், வேற எங்கயும் முறியாது."

எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. காலையில் அக்கா ஒரு முறம் இறகைப் பெருக்கிக் கொட்டுவாள். அதைப் பார்த்து ஒரு மனுஷன் இத்தனை சந்தோஷப்பட முடியுமா என்று சிரித்துக்கொள்வேன்.

எண்பத்தேழாம் வருஷம் வந்தது. மழை பொய்த்து மெட்ராஸே குடத்தோடு தெருவில் நின்ற வருஷம். நான் அப்போது திருமுல்லைவாயிலில், ஸ்டேஷனுக்குப் பின்னால் புதிதாகப் பிரித்த மனைகளுக்கு நடுவே குடியிருந்தேன். பக்கத்து மனை ஜானகிராமன் சாருடையது. இரும்பு அடிக்கிற பட்டறையில் முப்பது வருஷம் சூப்பர்வைசராக இருந்து, காதைப் பாதி அங்கேயே விட்டுவிட்டு ரிட்டயர் ஆனவர். நல்ல மனுஷர். அவருக்கு உலகத்தில் பயம் ஒன்றே ஒன்றுதான், செல். வாடகை வீட்டில் இருந்தபோது டிரங்குப் பெட்டியில் வைத்திருந்த அவருடைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தையும் அவர் மனைவி சொர்ணத்தம்மாளின் கல்யாணப் புடவையையும் செல் அரித்து மண்ணாக்கிவிட்டது. அந்தக் கதையை என்னிடமே ஐந்தாறு முறை சொல்லியிருக்கிறார்.

வீடு கட்டத் தண்ணீர் வேண்டுமே என்று முதலில் கிணறு தோண்டினார். முனியன் என்று ஒருவர் ஆட்களை வைத்துத் தோண்டினார். செம்மண் போய், களிமண் போய், நாற்பதடிக்குக் கீழே வெளிறிய சாம்பல் நிறத்தில் ஒரு கல் வந்தது. உளியை வைத்துத் தட்டினால் தகடு தகடாகப் பிரியும். முனியன் அதை அப்பளக் கல்லு என்பார். மனையின் மூலையில் அப்பளக் கல் ஆள் உயரத்துக்குக் குவிந்தது. கிணற்றில் தண்ணீர் வந்ததும் அஸ்திவாரம் எழும்பியது, தளம் மட்டும் பாக்கி.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து அக்காவும் மாமாவும் மதியச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் பின்பக்கம் போன மனுஷர் அரை மணி நேரமாகத் திரும்பவில்லை. போய்ப் பார்த்தால் ஜானகிராமன் சார் மனையில், வெயிலில், கற்குவியலுக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்திருக்கிறார். மயக்கம் போட்டுவிட்டார் என்று பதறி ஓடினேன்.

"மச்சான்! ஈசல்!"

கையில் ஒரு கல். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது. அதன் மேல் ஈசல் இறகுகள், அச்சுக் குத்தினாற்போல், நரம்பு நரம்பாக. உடம்பு ஒன்றுகூட இல்லை, இறகு மட்டும்.

"நேத்து மழை பெஞ்சா மாதிரி கீதே," என்றேன்.

"பன்னண்டு கோடி வருஷம் மச்சான். அப்போ இந்த எடம் பூரா சேறும் தண்ணியும். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இந்த மாதிரிக் கல்லுல எலை கெடைக்கும், எல்லாருக்கும் தெரியும். இது எலை இல்ல. நல்லா பாரு, நாலு நாலா கெடக்குது. தண்ணி அடிச்சுகினு வந்திருந்தா கலைஞ்சு போயிருக்கும். ஒவ்வொண்ணும் எறங்கின எடத்துலயே நாலு றெக்கையையும் ஒடிச்சுப் போட்டுட்டுப் போயிருக்குது. அன்னிக்கும் மழை விட்டிருக்குது, அன்னிக்கும் இதுங்க கெளம்பியிருக்குது, நம்ம வாசல்ல பண்றதையேதான் பண்ணியிருக்குது!"

பின்னிறகின் ஓரத்தில் சின்னதாக ஒரு மடிப்பைக் காட்டினார். நம் ஊர் ஈசலில் அது இருக்காதாம், கரப்பானுக்கு இருக்குமாம். "செல்லு கரப்பானோட வம்சம் மச்சான். வம்சம் பிரிஞ்சு ரொம்ப நாள் ஆவல, அதான் தாத்தன் சொத்து இன்னும் ஒட்டிக்கினு கீது," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. ஒரு மனுஷன் கரப்பானுக்காக அழுவதை அன்றுதான் பார்த்தேன். சிரிக்க வாய் வரவில்லை.

ஆனால் கல்லில் ஒரு குறை இருந்தது. இறகின் அடிப்பக்கம் ஒன்றிலும் இல்லை. இந்த மாதிரிக் கல்லைப் பிளந்தால் நடுவில் இருப்பது இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ளும், ஜாம் தடவிய ரொட்டியைப் பிரிப்பதுபோல. இறகின் நுனியெல்லாம் இந்தப் பாதியோடும், முறிந்த அடிப்பாகம் அந்தப் பாதியோடும் போய்விட்டன. அந்தப் பாதி குவியலில்தான் எங்கோ இருக்க வேண்டும். அதை அவர் ஜோடிக் கல் என்றார். தபால்தலைக் கோடு அதில்தான் இருக்கும். அது கிடைத்தால் ஆராய்ச்சி முடிந்த மாதிரி, பட்டம் கையில் வந்த மாதிரி. பொழுது சாயும்வரை நானும் அவரும் தேடினோம். கால்வாசிக் குவியலைக்கூடப் புரட்ட முடியவில்லை. மறுநாள் அவர் பிராக்டிகல் பரீட்சைக்காக வேலூர் போக வேண்டும், ஒரு வாரம். போகாவிட்டால் வேலைக்கு உலை.

மொபெட்டைக் கிளப்பி, அக்காவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, அந்தப் படபட சத்தத்துக்கு நடுவே என்னைப் பார்த்துக் கத்தினார்.

"மச்சான், அந்தக் குவியல் பூரா ஷேல். ஒரு துண்டுகூட வெளிய போவக் கூடாது. முனியன்கிட்டயும் சார்கிட்டயும் நல்லா சொல்லிடு!"

ஷேல் என்பது அந்தக் கல்லுக்கு இங்கிலீஷில் பெயர். எனக்கு அது தெரியாது. என் காதில் விழுந்தது செல். ஏன் விழாது? ஈசல் இறகை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். ஈசல் எங்கிருந்து வரும், செல்லிலிருந்து வரும். குவியல் பூரா செல், வெளியே போனால் ஊரெல்லாம் பரவும், அதனால் போகக் கூடாது. பன்னிரண்டு கோடி வருஷம் என்று அவர் சொன்னது எனக்கு நினைவில்லையா என்று கேட்பீர்கள். நினைவிருந்தது. ஆனால் செல் சாகாவரம் பெற்றது என்றுதான் ஊரில் எல்லோரும் நினைக்கிறோம், நானும் அப்படியே நினைத்தேன். ஒரு தரம் மொபெட்டை நிறுத்தச் சொல்லி, "இன்னா மாமா சொன்னே?" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வாய் அதிகம் உள்ளவனுக்குக் காது கம்மி.

காலையில் வேலைக்குப் போகிற வழியில் ஜானகிராமன் சாரைப் பார்த்தேன். காது மந்தம் என்பதால் கிட்டப் போய், நிறுத்தி நிறுத்தி, உரக்கச் சொன்னேன்.

"சார், அந்தக் கல்லு பூரா செல்லாம். மாமா சொன்னாரு. ஈசல் றெக்கைய நானே கண்ணால பாத்தேன். தூக்கி வெளிய கடாசிடாதீங்க, பரவிடும்."

மனுஷர் முகம் வெளுத்துவிட்டது. "செல்லா? கட்டறதுக்கு முன்னாடியேவா?" என்றார்.

அன்றைக்கே லாரி ஷெட்டிலிருந்து இரண்டு பீப்பாய் கழிவு ஆயில் வந்தது. குவியல் மேல் ஊற்றினார்கள். அப்புறம் செல் மருந்தைக் கரைத்து ஊற்றினார்கள். வெளியே போடக் கூடாது என்றால் என்ன செய்வது? தளத்துக்கு அடியில் நிரப்பி, மேலே காங்கிரீட் போட்டு நிரந்தரமாகச் சமாதி கட்டிவிடலாம் என்று மேஸ்திரி யோசனை சொன்னார். பொடிக் கல்லைக் கூடத்தில் கொட்டித் திமிசுக் கட்டையால் இடித்தார்கள். பெரிய தகடுகளை உடைக்காமல் ஈசானிய மூலையில், பூஜை அறை வரப்போகிற இடத்தில், படுக்க வைத்து அடுக்கினார்கள். வெள்ளிக்கிழமை காங்கிரீட் போட்டாயிற்று. நான் சாயங்காலம் வேலை விட்டு வந்து அதைப் பார்த்தேன். நல்ல காரியம் நடந்தது என்றே நினைத்தேன், சத்தியமாக.

ஞாயிற்றுக்கிழமை மாமா வேலூரிலிருந்து நேராக வந்து இறங்கினார். புதிதாக வாங்கிய பூதக்கண்ணாடி பையில் இருந்தது. மனையில் குவியல் இல்லை. ஈரச் சாக்கு போர்த்திய தளம் மட்டும் இருந்தது. அவர் அந்தத் தளத்தை நாலு பக்கமும் சுற்றி வந்தார். ஜானகிராமன் சார்தான் பெருமையாகச் சொன்னார்.

"நீங்க சொல்லி அனுப்பிச்சது நல்லதாப் போச்சு தம்பி. செல் இருக்குன்னு தெரியாம வெளியில தள்ளியிருப்பேன்."

"செல்லா?" என்று மாமா திரும்பி என்னைப் பார்த்தார். "நான் ஷேல்னு சொன்னேன். ஷேல். அந்தக் கல்லோட பேரு."

அந்த ஒரு நிமிஷத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். நான் சொன்னது இது.

"நானும் ஷேல்னுதான் மாமா சொன்னேன். சாருக்குக் காதுல சரியா வுழல போல."

ஜானகிராமன் சார் என்னையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வலது காதை விரலால் அழுத்தித் தேய்த்துக்கொண்டார். அவருக்கே அவர் காது மேல் நம்பிக்கை கிடையாது, அதுதான் எனக்கு வசதியாகப் போயிற்று. "என் காதுதான் தம்பி, பாழாப் போன காது. மன்னிச்சுக்கோங்க," என்று மாமாவின் கையைப் பிடித்தார். அறுபது வயசு மனுஷர் நான் செய்த தப்புக்கு மன்னிப்புக் கேட்டார். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

தளத்தை உடைக்க முடியுமா என்று மாமா கேட்டார். ஜானகிராமன் சார் சரி என்றுதான் சொல்லியிருப்பார். சொர்ணத்தம்மாள் விடவில்லை. ஈசானிய மூலையில் பூஜை போட்டு மூடியதைக் கல்லுக்காகத் தோண்டுவதா, நாங்கள் வாழ்வதா வேண்டாமா என்று அழுதார். அந்த அம்மாவைக் குறை சொல்லவும் முடியாது. வீடு எழுந்தது, கிருகப்பிரவேசம் நடந்தது, மாமாவின் ஜோடிக் கல்லுக்கு மேல் சாமி படங்கள் ஏறின.

அடுத்த ஐந்து வருஷம் அவர் பட்ட பாட்டை நான் கூட இருந்து பார்த்தேன். ஞாயிறுதோறும் எங்கே கிணறு தோண்டினாலும் போய் நிற்பார். நசரத்பேட்டை, பூந்தமல்லி, பட்டாபிராம் என்று ஒரு ஊர் விடவில்லை. தகடு தகடாகப் பிளந்து பார்ப்பார். இலை கிடைத்தது, மூட்டை மூட்டையாகக் கிடைத்தது. இறகு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. பட்டறையில் நல்ல எஃகாகப் பார்த்து அவருக்கு உளி அடித்துக் கொடுத்தேன், ஒன்றல்ல, பதினாலு. "என் மச்சான் போல யாருக்கும் வாய்க்காது," என்று முனியனிடம் சொல்லியிருக்கிறார். முனியன் அதை என்னிடம் வந்து சொன்ன அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

கிணறு கிடைக்காத வாரங்களில் மாமா ஜானகிராமன் சார் வீட்டுக்கு வருவார். பூஜை அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்த் தரையில் உட்கார்வார். உள்ளங்கையைத் தரையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். மூன்றடிக்குக் கீழே இருக்கிறது, அவ்வளவுதான் தூரம் என்பார். கழுத்தில் சிலுவையோடு ஒருவர் பிள்ளையார் படத்துக்கு முன்னால் இப்படி உட்கார்வதைப் பார்த்து சொர்ணத்தம்மாளுக்கு மனசு இளகி, வெள்ளிக்கிழமை சுண்டலை ஞாயிற்றுக்கிழமைவரை அவருக்கென்று எடுத்து வைப்பார். ஊசிப்போன சுண்டலைத் தின்றுவிட்டு நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டு வருவார். தரையை உடைக்க மட்டும் அந்த அம்மா சம்மதிக்கவில்லை.

தொண்ணூற்றொன்றில், இருந்த ஒரு பாதிக் கல்லை வைத்தே ஆராய்ச்சியை எழுதி முடித்துக் கொடுத்தார். அக்கா நகையைக் கழற்றாத குறையாக எல்லாம் செய்தாள். பதில் வந்தது தொண்ணூற்றிரண்டு பிப்ரவரியில். எங்கோ வெளியூரில் இருந்த பரீட்சகர் ஒருவர் படித்துவிட்டு எழுதியிருந்தார். மாமா அதை எனக்குத் தமிழில் சொன்னார். படம் அருமை, உழைப்பு அருமை, ஆனால் இறகை ஈசல் தானே ஒடித்தது என்பதற்கு ஆதாரம் எங்கே? எறும்பு உடம்பைத் தின்றுவிட்டு இறகை விட்டிருக்கலாம், தவளை தின்றிருக்கலாம். இறகின் அடியில் நேர்க்கோடாக முறிந்ததைக் காட்டினால்தான் இவர் சொல்கிற நடத்தை நிஜம். அது இல்லாமல் மற்றதெல்லாம் அழகான ஊகம். அந்த வருஷம் டிசம்பர் முடிவதற்குள் காட்ட வேண்டும், இல்லையென்றால் பதிவு ரத்து.

"நியாயமாத்தான் கேக்கறாரு மச்சான்," என்றார். அப்படிச் சொன்ன பிறகு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

மார்ச், ஏப்ரல், மே என்று மாதம் ஓடியது. அவர் இளைத்துக்கொண்டே வந்தார். சொர்ணத்தம்மாள் காலில் ஒருநாள் விழப் போய்விட்டார், அந்த அம்மா பதறி விலகிப் போனார். நான் தினமும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். சொன்னால் தளம் உடையுமா? உடையாது. பின் எதற்குச் சொல்ல வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். கோழைக்கு இந்த மாதிரிக் கணக்கெல்லாம் நன்றாக வரும்.

அக்டோபர் முதல் வாரம் ஜானகிராமன் சார் என் வீட்டுக் கதவை இடித்தார். மூச்சு வாங்கியது.

"அருள்தாஸ், பாஸ்கலைக் கூப்பிடு. பூஜை அறையில செல் வந்துடுச்சு. நிலைக்கதவெல்லாம் போச்சு. சொர்ணமே சொல்லிட்டா, தரையை உடைச்சுடுங்கன்னு."

சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆவடிக்குப் பறந்தேன். விஷயத்தைக் கேட்டதும் மாமா சட்டைகூட மாட்டவில்லை. சைக்கிளை அங்கேயே போட்டுவிட்டு நான் பின்னால் ஏறிக்கொள்ள, பனியனோடு மொபெட்டைக் கிளப்பினார். வழியெல்லாம், "மூணு மாசம் கீது மச்சான், மூணு மாசம் போதும்," என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஐந்து வருஷத்துக்குப் பிறகு அவர் சிரித்ததை அன்றைக்குப் பார்த்தேன். கடவுள் செல்லை அனுப்பித்தான் இந்தத் தரையைத் திறக்கிறார் என்று நானும் நம்பினேன். இனி யாரும் யாருக்கும் எதையும் சொல்ல வேண்டியதில்லை என்றும் சந்தோஷப்பட்டேன்.

முனியன் கடப்பாரையோடு வந்திருந்தார். சாமி படங்களைக் கூடத்தில் சாய்த்து வைத்திருந்தார்கள். மாமா முதல் ஆளாக உள்ளே போனார், போனவர் அப்படியே நின்றுவிட்டார். சுவரில், படங்கள் மாட்டியிருந்த இடத்துக்குப் பின்னால், செல் மண் பாதை கட்டி ஏறியிருந்தது. விரல் தடிமனில் கிளை கிளையாக.

"இன்னா மாமா, வெறும் செல்லுதானே?"

"நெறத்தைப் பாரு மச்சான்."

திருமுல்லைவாயிலில் செல் கட்டுகிற பாதை செம்மண் நிறத்தில் இருக்கும். இது வெளிறிய சாம்பல் நிறம். அப்பளக் கல்லின் நிறம். அவர் விரலால் தொட்டார், பாதை நொறுங்கி உள்ளே வெள்ளைப் பூச்சிகள் திரும்பி ஓடின. எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

முனியன் தரையை உடைத்தார். காங்கிரீட்டுக்குக் கீழே தகடுகள் அடுக்கினபடியேதான் இருந்தன. மாமா முட்டி போட்டு முதல் தகட்டை இரண்டு கையாலும் ஏந்தித் தூக்கினார். அது ஊறின அப்பளம் மாதிரி மடிந்து அவர் விரல் இடுக்கில் வழிந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. அடியிலிருந்து ஏறிய ஈரத்தில் ஐந்து வருஷம் ஊறியும் காய்ந்தும் கல் மறுபடியும் சேறாகப் போயிருந்தது. ஊற்றின ஆயிலும் மருந்தும் எப்போதோ வீரியம் இழந்திருந்தன. அந்தச் சேற்றில் செல் புகுந்து, துளித் துளியாக வாயில் கவ்விக் கொண்டுபோய், சுவரில் பாதை கட்டியிருந்தது. பன்னிரண்டு கோடி வருஷத்து ஈசல் இறகை அதன் வம்சமே எடுத்துக் கூரைவரை பூசிவிட்டது.

அவர் நிறுத்தவில்லை. மடியில், முழங்கையில், முகத்தில் எல்லாம் சாம்பல் சேறு. கடைசித் தகடுவரை எடுத்தார். கீழே செம்மண் வந்ததும் கை தானாக நின்றது.

"அப்பளக் கல்லுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பொத்தி வச்சிருப்பேன் நைனா," என்றார் முனியன். "ஷேலு கீலுன்னா எங்களுக்கு இன்னா தெரியும்?"

ஜானகிராமன் சார் சுவரைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். "இந்தக் காது... இந்தப் பாழாப் போன காது ஒண்ணால ஒருத்தர் வாழ்க்கையே போச்சே," என்று தன் காதில் தானே அறைந்துகொண்டார். ஒரு தரம், இரண்டு தரம். சொர்ணத்தம்மாள் அவர் கையைப் பிடித்து இழுத்தார். மூன்றாவது அறை விழுந்தபோது என் வாய் திறந்துவிட்டது.

"உங்க காது நல்லாத்தான் கேட்டுச்சு சார். ஷேல்னு நான் சொல்லவே இல்ல. செல்லுன்னுதான் சொன்னேன். எனக்குத்தான் தப்பா கேட்டுச்சு. மாமா வந்தப்போ பயந்துகினு உங்க மேல போட்டுட்டேன்."

ஜானகிராமன் சார் காதில் வைத்த கையை எடுக்காமல் என்னையே பார்த்தார். மாமா மெதுவாக எழுந்தார். அவர் இடுப்பில் நான் அடித்துக் கொடுத்த உளி செருகியிருந்தது. அதை எடுத்து, பனியனில் துடைத்து, என் கையில் வைத்துவிட்டு வெளியே போனார். மொபெட்டைக்கூட எடுக்கவில்லை, நடந்தே போனார்.

டிசம்பர் முடிந்தது, பதிவு ரத்தாகிவிட்டது. அவர் என்னோடு பேசவில்லை. அக்கா பேசினாள், கோபத்தோடு பேசினாள், அழுதுகொண்டு பேசினாள். அவளிடமிருந்துதான் எனக்கு எல்லாம் தெரியும். பாதிக் கல்லைத் துணியில் சுற்றி அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்துவிட்டாராம். முதல் மழை விட்டால் இப்போது அவரே எழுந்து முதல் ஆளாக எல்லா லைட்டையும் அணைத்துவிடுகிறாராம். தெருவில் வேறு யார் வீட்டிலாவது லைட் எரிந்தால், போய் அணைக்கச் சொல்லிவிட்டு வருகிறாராம். இருட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாராம். அதைக் கேட்டுவிட்டு நான் பட்டறையில் லேத்தை ஓடவிட்டு அந்தச் சத்தத்தில் அழுதேன்.

லைட்டை அணைத்தாலும் தெரு விளக்குக்கு வருகிற ஈசல் அவர் வாசலில்தான் இறகைப் போடும். காலையில் கதவைத் திறந்ததும் அதைத்தான் அவர் பார்க்க வேண்டும். எனக்கு அது பொறுக்கவில்லை. தொண்ணூற்று மூன்றில், மழை விட்ட மறுநாள், விடிகிற நேரத்துக்கு ஆவடிக்குப் போய், அவர் எழுவதற்குள் வாசலைச் சுத்தமாகப் பெருக்கிவிட்டு வந்துவிட்டேன். யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்தேன். அப்புறம் எத்தனை மழைக்கு அப்படிப் போனேன் என்று நினைவில்லை.

தொண்ணூற்று நாலில் ஒரு விடிகாலை அப்படிப் பெருக்கிக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது. மாமா வாசற்படியில் நின்றார். தலை முழுக்க நரைத்திருந்தது. துடைப்பத்தோடு அப்படியே குனிந்தபடி நின்றேன்.

"பெருக்காத மச்சான்."

இரண்டு வருஷத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். படியிறங்கி வந்து என் பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார். ஈரத் தரையிலிருந்து ஒரே ஒரு இறகை நகத்தால் கிள்ளி எடுத்து, என் உள்ளங்கையில் வைத்து, அடிப்பக்கத்தைச் சுண்டுவிரலால் காட்டினார். கத்தி வைத்து வெட்டினாற்போல நேராக முறிந்திருந்தது.

"இதத்தான் கேட்டாங்க," என்றார்.

அவர் எழுந்து உள்ளே போனார். உள்ளேயிருந்து அக்கா, "பெருக்கியாச்சாடா?" என்று கேட்டாள். வாசல் முழுக்க, தெரு முனைவரைக்கும், ஆயிரக்கணக்கில் இறகுகள் கிடந்தன.